நாலு நொடிக்கு முன்னால்

துறைமுகத்தில் பதினொரு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவள் என்பதால், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கிரேனக்கா. அவளைவிட மூன்று வயது மூத்த சோடாப்புட்டிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கணினி நிரல் எழுதி எழுதித் தலைமுடியில் பாதியையும் கண்பார்வையில் முக்காலையும் இழந்தவன் அவன். கண்ணாடியின் கனத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயரை அவனே தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, போனை எடுத்தால் "சோடாப்புட்டி பேசறேன்" என்பான்.

இப்போது அவள் ஓட்டுவது நண்டு. ஒரு பயணப் பெட்டி அளவுக்கு இருக்கும் இயந்திரம். அடியில் இரண்டு செயின் பட்டைகள், முன்னால் ஒரே ஒரு இடுக்கி, இரண்டு பக்கமும் குழாய்ச் சுவரில் ஊன்றிக்கொள்ள மடக்குக் கால்கள். நெற்றியில் கேமராவும் விளக்கும், கூடவே ஒரு மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் உண்டு. எங்கெங்கோ இருக்கும் குழாய்களுக்குள் அதை இறக்கிவிடுவார்கள். அவள் நாலாவது மாடி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து ஓட்டுவாள். அவள் இங்கே கையை அசைத்தால் அது கண் இமைக்கும் நேரத்தில் அங்கே நகரும். "என் மருமக ஏசி ரூம்ல பொம்மை ஓட்டுறா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாதே என்று விட்டுவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் ஒரு காதில் ஒரு போனும் மறு கையில் இன்னொரு போனுமாக ஓடி வந்தார். படியேறினாலே மூச்சு வாங்கும் மனிதர், அன்று லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வந்ததும் அவர் சொன்னது இதுதான்: மலைக்குள் சுரங்கப்பாதை வெட்டும் இடத்தில் மண் சரிந்துவிட்டது. ஏழு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் பகுதியில் பாறையிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேற நூற்று நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு வடிகால் குழாய் உண்டு. குழாயின் உள்வாயில் ஒரு மூடி. தண்ணீர் தள்ளினால் குழாய்ப் பக்கமாகத் தானே திறந்துகொள்ளும். சரிவில் எங்கிருந்தோ பாய்ந்து வந்த இரும்புக் கம்பி ஒன்று அந்த மூடிக்குக் குறுக்கே குழாய்க்குள் செருகிக்கொண்டது. மூடி திறக்கவில்லை, தண்ணீர் ஏறுகிறது.

குழாயின் அகலம் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆள் நுழைய முடியாது. நண்டு நுழையும். நல்லவேளையாக அங்கே ஒரு நண்டு இருந்தது. கெட்டவேளையாக, அதை ஓட்டும் மேசை இருந்த கொட்டகை மண்ணுக்குள் போய்விட்டது; அங்கே ஓட்டத் தெரிந்தவனோ லீவில் ஊருக்குப் போயிருந்தான். பாதையும் சரிந்து கிடந்தது, மேகம் கவிந்திருந்ததால் ஹெலிகாப்டரும் ஏற முடியவில்லை.

"நாமதான் ஓட்டணும்மா, இங்கிருந்தே" என்றார் மேலாளர்.

அவள் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்த மேஸ்திரி போனில் வந்தார். பதற்றத்திலும் வார்த்தை தடுமாறாத மனிதர். நண்டைக் குழாய் வாயில் வைத்தாயிற்று, அதன் ஒயரைச் செயற்கைக்கோள் பெட்டியில் செருகியாயிற்று என்று சொன்னார். உள்ளே இருந்த நீர்மட்டக் கருவியின் ஒயர் மட்டும் அறுபடாமல் தப்பித்திருந்தது. அதைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், உள்ளே நிற்கும் பாறை துளைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்றாலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் அவர்களால் தாங்க முடியாது என்றார். அவர்கள் உயிரோடு இருப்பது எப்படித் தெரியும் என்று கிரேனக்கா கேட்டாள். குழாயில் தட்டுகிறார்கள் என்றார் அவர். அவள் ஹெட்போனை மாட்டினாள். நண்டின் மைக் வழியாக, வெகு தூரத்தில் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் வந்தது. ஏழு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஏழு தட்டு.

மணி பத்தரை. அவள் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை தள்ளும்போது முதலில் தள்ளியதெல்லாம் சேர்ந்து போய்ச் சேர்ந்தது. நண்டு துள்ளிப் பாய்ந்தது. பதறி நிறுத்தினாள், நின்றது, ஆனால் அவள் நிறுத்தியபோது அல்ல. குழாய்ச் சுவரில் மோதி ஒருபக்கமாகச் சாய்ந்து, கேமரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேபிள் வழியாக ஓட்டிப் பழகிய கைக்கு இது புதிது. கட்டளை வானத்துக்குப் போய், மலைக்கு இறங்கி, அங்கிருந்து படம் அதே வழியில் திரும்பி வர மூன்று நொடி ஆனது. மூன்றே என்று இருந்தாலும் பரவாயில்லை; சில சமயம் ஒன்றரை, சில சமயம் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. மடக்குக் காலை ஊன்றி நண்டை நிமிர்த்தவே ஏழு நிமிடம் போனது.

வேறு வழி இல்லாமல் அவள் பழைய முறைக்கு வந்தாள். ஒரு சாண் நகர்த்து, நில், படம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார், பார், மறுபடி ஒரு சாண். பதறாத காரியம் சிதறாது என்பது உண்மைதான். ஆனால் காரியம் சிதறாமலேயே நேரம் சிதறிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்துக்கு நண்டு பதினாலு மீட்டர் போயிருந்தது. இதே வேகத்தில் போனால் மாலை ஐந்து தாண்டிவிடும் என்று சோடாப்புட்டி கணக்குப் போட்டான். சத்தமாகச் சொல்லவில்லை, காகிதத்தில் எழுதி அவள் பக்கம் தள்ளினான்.

அவனிடம் ஒரு சரக்கு இருந்தது. ஆறு மாதமாக எழுதி வந்த 'நிழல்'. திரையில் நிஜ நண்டுக்கு முன்னால் பச்சைக் கோட்டால் ஒரு நண்டு ஓடும். அவள் கையை அசைத்த மறுகணமே அது நகர்ந்துவிடும். நிஜ நண்டு பின்னாலேயே வந்து அதே இடத்தில் உட்காரும். பயிற்சிக் கூடத்தில் இரண்டு நொடி தாமதத்தை வேண்டுமென்றே வைத்து ஓட்டிப் பார்த்தபோது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இப்போது அதைப் போட்டார்கள். பச்சை நண்டு ஓரிடத்தில் நின்றால் நிஜ நண்டு அதற்கு முன்னாலோ பின்னாலோ எங்கேயோ வந்து நின்றது. நிழலை நம்பித் திருப்பினால் நிஜம் சுவரில் உரசியது. சோடாப்புட்டியின் முகம் விழுந்துவிட்டது. தாமதம் நொடிக்கொரு பேச்சு பேசினால் என் நிழல் எதை நம்பும் என்று முனகினான்.

மேலாளர் இதற்குள் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தில் யார் யாரையோ பிடித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு வரம் வாங்கி வந்திருந்தார். வேறு ஆட்களின் உபயோகத்தையெல்லாம் ஒதுக்கி வழியைக் காலி பண்ணித் தருகிறார்களாம். அதற்கு அரைமணி நேரம் வேண்டுமாம். சராசரித் தாமதம் மூன்று நொடியிலிருந்து இரண்டாகுமாம். ஏறுவதும் இறங்குவதும் இருக்கத்தான் செய்யுமாம், ஆனாலும் இரண்டுதானே என்று அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

கிரேனக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அரைமணி நேரம் காத்திருக்க வேண்டாம் சார். இருக்கிற இணைப்பே போதும். தாமதத்தை நாலாக்குங்க. எப்பவும் நாலு."

மேலாளர் அவளையே பார்த்தார். "மூணே அதிகம்னுதானேம்மா இவ்வளவு நேரமா கத்திக்கிட்டு இருக்கோம்?"

"மூணு அதிகமில்ல சார். அது ஒண்ணா, மூணா, நாலான்னு தெரியாததுதான் அதிகம்."

பிறகு அவள் தன் வீட்டுக்கதையைச் சொன்னாள். அந்த நேரத்தில் வீட்டுக்கதை சொல்பவளைப் பார்த்து மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார், அவள் விடவில்லை. அவள் கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். கடலில் இருக்கும்போது கப்பல் போனில் பேசுவான். பழைய கப்பலில் அவன் குரல் வர எப்போதும் இரண்டு எண்ணிக்கை ஆகும். கல்யாணமான புதிதில் 'நீ சொல்லு', 'இல்ல நீ சொல்லு' என்று முட்டிக்கொண்டே பேச்சு முடிந்துவிடும். ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. ஒருவர் சொல்லி முடித்து இரண்டு எண்ணுவது, பிறகு அடுத்தவர். சண்டைகூட வரிசை தவறாமல் போட்டார்கள். பிறகு அவன் புதுக் கப்பலுக்கு மாறினான். நல்ல போன், சில சமயம் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் உடனே கேட்கும், சில சமயம் மூன்று எண்ணிக்கை ஆகும். அன்றிலிருந்து பேச்சு குட்டிச்சுவராயிற்று. ஒருநாள் போன் தாமதித்ததை அவன் முறைத்துக்கொண்டு மௌனமாக இருப்பதாக நினைத்து அவள் வைத்துவிட, ஒரு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை.

"நிதானமா லேட்டா வர்றவனோட குடும்பம் நடத்திடலாம் சார். எப்ப வருவான்னு தெரியாதவனோட முடியாது."

மேலாளர் வாய் திறப்பதற்குள் சோடாப்புட்டி எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் புறப்பட்ட நேரத்தை முத்திரை குத்திவிடலாம். நண்டின் பக்கம் ஒரு வாசற்காவல். சீக்கிரம் வந்த கட்டளை சரியாக இரண்டு நொடி ஆகும்வரை வாசலிலேயே நிற்கட்டும். படங்களுக்கும் இந்தப் பக்கம் அதேபோல் ஒரு காவல். போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு. ஒரு இமை கூடாது, குறையாது. நாலு என்று உறுதியாகத் தெரிந்தால் நிழல் பொய் சொல்லாது. கூடவே இன்னொன்றும் சேர்க்கச் சொன்னாள் அவள்: எதிலாவது முட்டினால் என்னைக் கேட்காமல் நண்டே நின்றுகொள்ளட்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் மேலாளர்.

அவன் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தான். விசைப்பலகையில் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்டது. இடையில் ஒருமுறை கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. அதை எடுக்காமலே இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் தடவித் தேடினான். இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் கிரேனக்கா காதில் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு தட்டு என்பது போய் மூன்று, நாலு என்று சோர்ந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவள் கைப்பிடியைத் தள்ளினாள். பச்சை நண்டு முன்னால் போயிற்று. அவள் மனதுக்குள் எண்ணினாள். நாலு என்றதும் நிஜ நண்டு கிளம்பி, பச்சைக் கோட்டுக்குள் சட்டைக்குள் கை நுழைவதுபோல் நுழைந்து உட்கார்ந்தது. சோடாப்புட்டி மேசையை ஓங்கி ஒரு குத்து குத்தினான்.

அதன்பின் அவள் நிற்கவில்லை. நிஜ நண்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பச்சை நண்டை ஓட்டினாள். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாலு நொடி கழித்து உலகம் வந்து சேரப் போகிறது. கிரேன் ஓட்டும்போதும் இப்படித்தான். கொக்கியில் தொங்கும் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவன் கப்பல்மேல் இடிப்பான், ஆடி முடித்து எங்கே வந்து நிற்கும் என்று பார்ப்பவன்தான் இறக்குவான். பதினைந்து நொடிக்கு ஒரு மீட்டர். இருபது, முப்பது, ஐம்பது. ஓரிடத்தில் சேறும் கல்லும் திட்டாகக் கிடந்தது. இடது பட்டையைச் சுவரில் ஏற்றிச் சாய்வாகவே தாண்டினாள். எண்பத்தெட்டாவது மீட்டரில் கிழிந்த தார்ப்பாய் ஒன்று வழியை அடைத்துக் கிடந்தது. இடுக்கியால் கவ்வி, மடித்து, வயிற்றுக்கடியில் அமுக்கி ஏறிப் போனாள். மேலாளர் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் மேஸ்திரியிடம் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் பந்தய வர்ணனையாளரின் துடிப்பு ஏறியிருந்தது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கதவோரம் நின்றார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் வியர்வை ஓடியது. உள்ளுக்குள் ஏதோ குதித்துக்கொண்டே இருந்தது. பயம்தான், ஆனால் பயம் மட்டும் அல்ல.

பன்னிரண்டே முக்காலுக்கு மூடி தெரிந்தது. இரும்புத் தட்டு, விளிம்பெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே கை மொத்தத்துக்கு ஒரு கம்பி. ஒரு முனை மேல்விளிம்பில், மறுமுனை கீழே குழாயின் இணைப்பு இடுக்கில். தட்டுச் சத்தம் இப்போது வெகு அருகே கேட்டது.

மேஸ்திரி மூச்சை இழுத்துவிட்டு, இடுக்கியால் பிடித்து இழுத்துவிடலாமே என்றார். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இழுத்தா என்ன ஆகும்னு முதல்ல பார்ப்போம்" என்றாள்.

மூடிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குத் தண்ணீர். கம்பி கழன்ற கணமே மூடி படாரென்று திறந்து, அத்தனை தண்ணீரும் நண்டின் மேல் பாயும். நண்டு உருண்டு குறுக்கே சிக்கினால் புட்டிக்குத் தக்கை போட்டதுபோல் குழாயை அதுவே அடைத்துவிடும். அதை எடுக்க இன்னொரு நண்டு கிடையாது. தண்ணீர் பாய்வதை அவள் பார்க்கும்போது, பாய்ந்து இரண்டு நொடி ஆகியிருக்கும். அவள் கை அசைந்து நண்டுக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு. பார்த்தபின் செய்ய எதுவுமே இருக்காது. செய்ய வேண்டியதையெல்லாம் முன்னாலேயே செய்து வைத்துவிட வேண்டும். நிழலும் இதில் உதவாது. தண்ணீர் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது.

துறைமுகத்தில் ஒருமுறை சங்கிலி அறுந்து பாரம் விழுந்தபோது கிரேனே பின்னால் துள்ளியது அவளுக்கு நினைவிருந்தது. பாரத்தைவிடப் பாரம் போன கணம்தான் ஆபத்து. அவள் நண்டைக் குழாயின் ஒரு பக்கமாக ஒதுக்கி, நீளவாக்கில் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். மடக்குக் கால்களை எதிர்ச்சுவரிலும் கூரையிலும் முறுக்கி ஊன்றினாள். பிறகு இடுக்கியால் கம்பியின் கீழ்முனையைக் கவ்வினாள். இது முடிய எட்டு நிமிடம். அதன்பின் சோடாப்புட்டியிடம் ஒரே மூச்சில் சொன்னாள்: கம்பியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இழுக்க வேண்டும், கழன்றால் கம்பியை விடக்கூடாது, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், பட்டையை அசைக்கக்கூடாது, காலைத் தளர்த்தக்கூடாது. இதையெல்லாம் நண்டுக்கே சொல்லி வைத்துவிட வேண்டும்.

அவன் எழுதினான். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். உள்ளே இருப்பவர்கள் மூடிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாதே என்று நினைத்து, நண்டின் ஸ்பீக்கரில் "மூடிகிட்ட நிக்காதீங்க, எல்லாரும் மேல ஏறிடுங்க" என்று மூன்று முறை சொன்னாள். கேட்டதோ இல்லையோ, தட்டுச் சத்தம் நின்றது.

விசையை அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. திரையில் இடுக்கி ஆட ஆரம்பித்தது. மேலே, கீழே, மேலே. கம்பி ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி ஆட்டம். பிறகு திரை முழுக்கப் பழுப்பாகி, கறுப்பாகிப் போனது. ஹெட்போனில் எழுந்த இரைச்சலில் அவள் அதைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டாள்.

படம் இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம். நண்டு நிற்கிறதா, உருண்டதா, ஒன்றும் தெரியவில்லை. அவள் கை கைப்பிடியைத் தேடியது. சோடாப்புட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "தொடாதீங்கக்கா" என்றான்.

போனில் மேஸ்திரி நீர்மட்டத்தைப் படித்தார். ஏறவில்லை என்றார். அப்படியே நிற்கிறது என்றார். பிறகு அவர் பேச்சையே காணோம். மேலாளர் 'ஹலோ, ஹலோ' என்றார்.

"இறங்குது" என்றார் மேஸ்திரி. "ஐயோ, இறங்குதுங்க. இங்க குழாய் வாயில ஆறு மாதிரி கொட்டுது."

கதவோரம் நின்றவர்கள் போட்ட கூச்சலில் கீழ்மாடியிலிருந்து ஒருவர் என்ன தீப்பிடித்ததா என்று ஓடி வந்தார். மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கிரேனக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். கலங்கல் மெல்லத் தெளிந்தது. நண்டு நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு கால் வளைந்து போயிருந்தது. இடுக்கி கம்பியைக் குழந்தையைப்போல நெஞ்சோடு பிடித்திருந்தது. குழாயின் மற்ற பாதி வழியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் கழித்து ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது. கரகரத்த, நடுங்கிய குரல்.

"யாருப்பா அங்க? வெளிச்சம் தெரியுது. யாரு?"

அவள் மைக்கைப் பிடித்தாள். "அண்ணே, எத்தனை பேர் இருக்கீங்க?"

நாலு நொடியைத் தாண்டியும் பதில் வரவில்லை. பிறகு வந்தது. "ஏழு பேரும் இருக்கோம்மா. வெல்டருக்குக் கால் உடைஞ்சிருக்கு. உயிருக்குப் பயமில்ல. காத்து வருது இப்ப." கொஞ்சம் நிறுத்தி, "இந்த ஓட்டைக்குள்ள நீ எப்படிம்மா நுழைஞ்ச?"

"நான் நுழையலண்ணே. என் நண்டு நுழைஞ்சுது. நான் ரொம்ப தூரத்துல இருக்கேன்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது: "நண்டாம்டா." யாரோ சிரித்தார்கள். அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.

அன்று சாயங்காலம்வரை அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணைத் தோண்டுபவர்கள் எந்தப் பக்கம் தோண்டுகிறார்கள், எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெல்டரின் காலைப் பலகை வைத்துக் கட்டுவது எப்படி என்று ஒரு டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டு ஒப்பித்தாள். அவளுக்குப் பதில் உட்கார ஆள் வந்தபிறகுதான் வீட்டுக்குப் போனாள். போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவள், கை தானாக முன்னும் பின்னும் தள்ளுவதைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

ராத்திரியே பாதையைச் சீர்செய்துவிட்டார்கள்; மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஏழு பேரையும் வெளியே எடுத்தார்கள். ஆறு பேர் நடந்து வந்தார்கள், வெல்டர் தூக்குப்படுக்கையில் வந்தார். அதற்கப்புறம் நண்டை ஒயரோடு இழுத்தார்கள். ஒரு பட்டை கிழிந்து, ஒரு கால் வளைந்து, சேறு அப்பிக் கிடந்தது. மேஸ்திரியே குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கழுவினாராம். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் இவர்களெல்லாம் நண்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், கேமராவைப் போட முடியுமா என்று அவர் கேட்டார்.

கிரேனக்கா போட்டாள். நாலாவது மாடியில் அந்தத் திரையில் முதலில் வானம் தெரிந்தது. பிறகு ஒரு முகம் குனிந்தது. மிகப் பக்கத்தில் வந்துவிட்டதால் மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது. அடுத்தது தாடி வைத்த முகம். அடுத்தவர் பேச வாய் திறந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் நண்டின் தலையைத் தட்டிக்கொடுத்தார். அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசியாகத் தூக்குப்படுக்கையைக் கீழே இறக்கினார்கள். வெல்டர் ஒருக்களித்துத் தலையைத் தூக்கி, கேமராவுக்குள் உற்றுப் பார்த்தார்.

"சின்னதாதான் இருக்கு" என்றார்.